மனச்சோர்வு: பரம்பரையா, வளர்ப்பா?

மனச்சோர்வு ஒருவருக்கு வந்தால், "அது அவர்களின் பரம்பரையிலேயே இருக்கிறது" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். பரம்பரைக்கும் பங்குண்டு, ஆனால் அது முழுக் கதையல்ல.

மரபணுவின் அமைப்பு மாறாமலே அதன் இயக்கம் கூடவோ குறையவோ முடியும். மெத்தைல் எனும் சிறு இரசாயனக் கூட்டம் மரபணுவில் ஒட்டும்போது, பெரும்பாலும் அதன் இயக்கம் தணிகிறது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2004இல் எலிகளில் காட்டினர். தாய் குறைவாகப் பராமரித்த குட்டிகளின் மூளையில், மன அழுத்தத்தைத் தணிக்க உதவும் ஒரு மரபணுவில் மெத்தைல் கூடுதலாக இருந்தது. பிறந்தவுடன் நன்கு பராமரிக்கும் தாயிடம் மாற்றப்பட்ட குட்டிகளில் அந்த நிலை காணப்படவில்லை.

2009இல், சிறுவயதில் துன்புறுத்தப்பட்டு, பின்னர் தற்கொலை செய்துகொண்ட 12 பேரின் மூளையிலும் இதையொத்த மாற்றம் தெரிந்தது. துன்புறுத்தப்படாமல் அவ்வாறு இறந்தவர்களில் அது தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், இதுவே இறுதி முடிவல்ல.

ஆனாலும் ஒன்று தெளிவு. பிள்ளையை எப்படி நடத்துகிறோம் என்பது அதன் உடலிலும் பதியக்கூடும். மனச்சோர்வுற்றவரைக் கோழை என்று பழிப்பதில் நியாயமில்லை. அவருக்குத் தேவை வைத்தியமும் அரவணைப்புமே.