மறுக்கப்பட்ட கல்லறை: குக் கவுண்டியின் செக் மக்களும் திருச்சபையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிச்சிகன் ஏரிக்கரையில், இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த குக் கவுண்டி அமைந்துள்ளது. கவுண்டி என்பது மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. சிக்காகோ மாநகரும் அதனைச் சூழ்ந்த பல சிறு நகரங்களும் இதனுள் அடங்கும். 1980-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில், மக்களின் மூதாதையர் எந்நாட்டினர் என்ற வினா அந்நாட்டில் முதன்முறையாகக் கேட்கப்பட்டது. செக் வம்சத்தார் இக்கவுண்டி முழுவதும் சமமாகப் பரவி வாழ்ந்தவரல்லர். சிக்காகோவின் நடுப்பகுதியிலிருந்து தென்மேற்காகவும், பின்னர் நேர் மேற்காகவும் செல்லும் ஒரு பாதையிலேயே அவர்கள் தலைமுறை தலைமுறையாக நகர்ந்து சென்றனர். பில்சன், தென் லான்டேல், சிசரோ, பெர்வின், ரிவர்சைடு என்பன அப்பாதையின் தங்குமிடங்கள்.

மக்கள் எங்கு வாழ்கின்றனர் என்பதைக் குடிக்கணக்கு கூறும். அவர்கள் எந்தச் சமயத்தைச் சார்ந்தவர்கள் என்பதை அமெரிக்கக் குடிக்கணக்கு கேட்பதில்லை. ஆயின் இப்பாதையைத் தொடர்ந்து செல்லும் திருச்சபை வரலாற்று மாணவன் ஒரு வியப்பைக் காண்கிறான். ஜான் ஹஸ்ஸின் நாட்டிலிருந்து வந்த இம்மக்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் அமெரிக்க மண்ணில் எத்திருச்சபையையும் சாராதவர் ஆயினர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. ஏன் இவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொஹீமியாவின் காயம்

1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸ் நகரில் ஹஸ் உயிருடன் எரிக்கப்பட்டார். அவர்தம் போதனையின் வழிவந்தோர் 1457-இல் சகோதரரின் ஐக்கியம் எனும் சபையை நிறுவினர். லூத்தர் பிறப்பதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சபை தோன்றிவிட்டது. அது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செக் மொழிக்கு க்ராலிட்சே வேதாகமத்தை அளித்தது. ஆனால் 1620 நவம்பர் 8 அன்று வெண்மலைப் போரில் செக் மக்கள் தோற்றனர். அடுத்த ஆண்டு பிராக் நகரச் சதுக்கத்தில் அவர்தம் தலைவர் இருபத்தெழுவர் கொல்லப்பட்டனர். 1627-இல் ஹாப்ஸ்பர்க் அரசு ரோமன் கத்தோலிக்க மார்க்கம் ஒன்றையே பொஹீமியாவில் அனுமதித்தது. மற்றவர்கள் பணிந்தனர், அல்லது, பேராயர் கொமேனியஸைப் போல, நாடு துறந்தனர்.

அவ்வாறு மறைவில் வாழ்ந்தோரின் எச்சமே 1722-இல் சக்சனியில் ஹெர்ன்ஹூட் எனும் குடியிருப்பைத் தொடங்கி, மொரேவியச் சபையாகப் புத்துயிர் பெற்றது. அச்சபையின் ஊழியர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தங்கியிருந்தனர் என்பதை வாசகர் அறிவர்.

1781-இல் வெளியான சகிப்பு ஆணை லூத்தரன், சீர்திருத்தச் சபைகளுக்கு ஓரளவு உரிமை வழங்கியதே அன்றி, ஹஸ்ஸின் பெயராலோ பழைய சகோதரரின் பெயராலோ ஒரு சபை கூடுவதற்கு இடந்தரவில்லை. ஆகவே பெரும்பான்மையோர் பெயரளவில் கத்தோலிக்கராகவே நீடித்தனர். ஆலயமும் அந்நிய அரசும் ஒன்றே என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1848-இன் புரட்சி தோல்வியுற்றபின் அமெரிக்காவுக்குக் கப்பலேறியோர் தம் மூட்டை முடிச்சுகளோடு இவ்வெண்ணத்தையும் சுமந்து சென்றனர்.

சிக்காகோவில் முதற் குடியேற்றம்

1850-களில் சிக்காகோவுக்கு வந்த செக் மக்கள் டிகோவன் தெருவைச் சுற்றிக் குடியேறி, அவ்விடத்தைப் பிராக் என்றே அழைத்தனர். அங்கே 1863-இல் புனித வென்செஸ்லாஸ் பங்கு நிறுவப்பட்டது. 1871-இல் மாநகரை அழித்த பெருந்தீ அத்தெருவருகேயே மூண்டது. அதன்பின் அவர்கள் தென்மேற்கே நகர்ந்தனர். மரக்கிடங்குகளும், இருப்புப்பாதைப் பணிமனைகளும், மெக்கார்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையும் அங்கே வேலையளித்தன. மேற்குப் பொஹீமியாவின் பில்சன் நகரப் பெயர் அப்பகுதிக்கு நிலைத்தது. 1875-இல் அங்கு புனித புரோகோப்பியஸ் பங்கு தோன்றியது.

அதே 1875-இல் 'ஸ்வோர்னோஸ்ட்' எனும் செக் நாளிதழும் சிக்காகோவில் பிறந்தது. 'ஒற்றுமை' என்பது அப்பெயரின் பொருள். அதன் ஆசிரியர் ஸ்ட்ரூபெக் இளமையில் இறையியல் பயின்று, பின்னர் சுதந்திர சிந்தனையாளராக மாறியவர். அமெரிக்கா வந்திருந்த கிளாட்செல் என்பவரும் ப்ரனோ நகர அகஸ்தீன் மடத்துத் துறவியாக இருந்தவரே. மரபியலின் தந்தை மெண்டலின் நண்பர். திருச்சபை பயிற்றுவித்தவர்களே அதனை எதிர்த்து எழுதினார்கள் என்பது சிந்தித்தற்குரியது.

1877

1877-இல் செக் கத்தோலிக்கப் பெண் ஒருவர் சிக்காகோவில் மரித்தார். அவர் முறைப்படி பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை என்று காரணங்காட்டி, கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்யக் குருவானவர் மறுத்துவிட்டார். சடலத்தை வைத்துக்கொண்டு வாயில்தோறும் அலைந்த குடும்பத்தின் துயரம் செக் மக்கள் அனைவரையும் சினங்கொள்ளச் செய்தது. பல சங்கங்கள் ஒன்றுகூடி, மாநகரின் வடமேற்கே நிலம் வாங்கி, அவ்வாண்டிலேயே பொஹீமிய தேசியக் கல்லறைத் தோட்டத்தை நிறுவின. அங்கே எவரும் தம் நம்பிக்கையைக் காரணமாகக் கொண்டு தடுக்கப்படவில்லை.

இதன் விளைவு ஒரு தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. நோயுற்றோருக்கும் விதவைகளுக்கும் உதவி செய்து, அடக்கச் செலவையும் ஏற்கும் பரஸ்பர சகாயச் சங்கங்கள் பெருகின. செக் மொழி கற்பிக்கும் ஞாயிறு பாடசாலைகள் வேதாகமமின்றி நடைபெற்றன. உடற்பயிற்சிக் கழகமாகிய சோகோல் இளைஞரைச் சேர்த்துக்கொண்டது. பிறப்பு, கல்வி, நோய், மரணம் ஆகிய வாழ்வின் எல்லாக் கட்டங்களிலும் திருச்சபை ஆற்றிவந்த பணியைச் சங்கங்கள் ஏற்றன. சட்டத்தைக் காத்த குருவானவர் ஒரு மக்களினத்தின் பெரும்பகுதியை இழந்தார் எனலாம்.

இதைக் கத்தோலிக்கரின் தவறு என்று மட்டும் எழுதி நாம் கடந்துவிடலாகாது. பிராக் நகரில் ஊழியஞ்செய்து திரும்பிய அமெரிக்கச் சபைப் போதகர்கள் சிக்காகோவிலும் கிளீவ்லாந்திலும் செக் மக்களிடையே உண்மையாய் உழைத்தனர். சிறு சபைகள் எழும்பின. ஆயினும் பெருந்திரளானோர் அணுகவில்லை. புரொட்டஸ்தாந்துக் கிறிஸ்தவம் அவர்களுக்கு ஆங்கில மொழியோடும், மதுவிலக்கோடும், ஞாயிறு ஆசரிப்புச் சட்டங்களோடும் வந்து சேர்ந்தது. வாரமெல்லாம் உழைத்த தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றே குடும்பத்தோடு இசையும் பானமும் கலந்து களிக்கும் நாள். ஹஸ்ஸை அவர்கள் மறந்தார்களில்லை. மனச்சாட்சியின் வீரராகப் போற்றினர். அவர் அறிவித்த கிறிஸ்துவை மட்டும் அவர்தம் பெயரோடு இணைத்துக் காணவில்லை.

மேற்கு நோக்கி

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வசதி பெற்றோர் பில்சனை விட்டுத் தென் லான்டேலுக்குச் சென்றனர். அப்பகுதி செக் கலிபோர்னியா எனப் பெயர் பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் சிசரோவில் ஹாதோர்ன் தொழிற்சாலையைத் திறந்தபின், ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை பெற்றனர். அப்பால் பெர்வினில், செக் மக்களின் சேமிப்புச் சங்கங்கள் தந்த கடனால் வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் எழுந்தன. 1915 ஜூலை 24 அன்று அத்தொழிற்சாலையினரின் உல்லாசப் பயணக் கப்பலாகிய ஈஸ்ட்லாண்ட் சிக்காகோ ஆற்றில், கரையோரத்திலேயே கவிழ்ந்து 844 பேர் மாண்டனர். அவர்களுள் செக் மக்கள் பலர். நூற்றுக்கும் மேற்பட்டோர் 1877-இல் தோன்றிய அத்தோட்டத்திலேயே துயில்கின்றனர். 1931-இல் மாநகரத் தலைவராகி, 1933-இல் சுடப்பட்டு மரித்த ஆன்டன் செர்மாக்கும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். சிக்காகோவிலிருந்து சிசரோ, பெர்வின் வழியே மேற்கே செல்லும் நெடுஞ்சாலை இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது.

மறுக்கப்பட்ட வீடு

இவ்வரலாற்றின் துயரமான பக்கம் இனிமேல்தான் வருகிறது. 1951 ஜூலையில் சிசரோவின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு கறுப்பினக் குடும்பம் வாடகைக்குக் குடியேற முயன்றது. ஆயிரக்கணக்கான வெள்ளையர் திரண்டு அக்கட்டடத்தைச் சூறையாடினர். மாநில ஆளுநர் தேசியக் காவற்படையை அனுப்ப நேர்ந்தது. அக்கூட்டம் முழுவதும் செக் வம்சத்தார் அல்லர்; இத்தாலியர், போலந்தியர் எனப் பல இனத்தவரும் வாழ்ந்த ஊர் அது. எனினும் செக் மக்களின் ஊர் என்று பெயர்பெற்ற நகரில் இது நிகழ்ந்தது. மரித்தவருக்கு இடம் மறுக்கப்பட்டபோது கொதித்தெழுந்த மக்களின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த ஊரில், உயிரோடிருந்தோருக்கு இடம் மறுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் என்ற நினைவு மட்டும் ஒரு சமூகத்தை நீதியுள்ளதாக்குவதில்லை. மனந்திரும்புதல் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாய் வேண்டியிருக்கிறது.

இன்று பில்சன், சிசரோ, பெர்வின் ஆகிய இடங்களில் மெக்சிக்கோவிலிருந்து வந்தோரும் பிற ஸ்பானிய மொழி மரபினரும் திரளாக வாழ்கின்றனர். செக் வம்சத்தாரின் வழித்தோன்றல்கள் மேலும் மேற்கே சிதறிவிட்டனர். பில்சன் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

முடிவுரை

ஒரு மக்களினம் திருச்சபையை விட்டு விலகும்போது, உபதேசத்தில் நேர்ந்த பிழையையே நாம் முதலில் தேடுகிறோம். குக் கவுண்டியின் வரலாறு வேறொன்றை உணர்த்துகிறது. ஆலயம் ஆள்வோரின் கருவியாகத் தோன்றிய நூற்றாண்டுகள் நிலத்தை உழுது வைத்திருந்தன. துக்க வீட்டில் இரக்கம் மறுக்கப்பட்ட ஒரு நாள் அதில் விதையை இட்டது. போதகரின் பிரசங்கத்தை மறந்துவிடும் குடும்பங்களும், கல்லறையண்டையில் அவர் நின்றதையோ நிற்க மறுத்ததையோ மூன்று தலைமுறைக்கு நினைவில் வைத்திருக்கின்றன. அரிமத்தியா ஊர் யோசேப்பு தன் சொந்தக் கல்லறையையே ஆண்டவருக்கு அளித்தான். தம் கல்லறைத் தோட்டத்தின் வாயில் யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதை ஒவ்வொரு சபையும் தன்னையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது.