கடவுச்சொல் காத்த கதை

ஒரே கணிப்பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் வழியை 1961இல் செய்து காட்டியவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பெர்னாண்டோ கோர்பட்டோ. சி.டி.எஸ்.எஸ். என்னும் அவ்வமைப்பில், அவரவர் கோப்பைக் காக்க ஆளுக்கொரு கடவுச்சொல் அளிக்கப்பட்டது. ஆயின், அச்சொற்கள் அனைத்தும் ஒரே கோப்பில், எழுதியது எழுதியபடியே கிடந்தன. வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்டுச் சாவிகளை ஊர்ச் சாவடியில் மாட்டி வைத்த ஏற்பாடு அது!

1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணிப்பொறி நேரம் போதாமையால், அக்கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். அவருடைய ஆர்வத்தைப் பழிக்க ஆசிரியர்க்கு மனம் வராது.

1966இல் நிகழ்ந்ததிலோ திருடனே இல்லை. நிர்வாகி ஒருவர் கடவுச்சொற் கோப்பையும், மற்றொருவர் அன்றைய அறிவிப்பையும் ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருந்தனர். திருத்தும் மென்பொருள் இருவர்க்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை அமைத்தமையால் இரண்டும் இடம் மாறின. அதன்பின் நுழைந்தோர் ஒவ்வொருவர்க்கும், எல்லாருடைய கடவுச்சொற்களும் அறிவிப்பாக அச்சாகி வந்தன!

காவலைக் கூட்டுவதால் இது தீராது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் வேறு வழி கண்டார். கடவுச்சொல்லை வைத்திராமல், மீட்க இயலாதவாறு உருமாற்றிய வடிவத்தை மட்டுமே வைப்பது. நுழைவோர் தரும் சொல்லையும் அவ்வாறே உருமாற்றி ஒப்பிடுவது. யூனிக்ஸ் அமைப்பும் இதனை மேற்கொண்டது. ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் எழுதிய கட்டுரை, ஒவ்வொரு சொல்லோடும் 'உப்பு' என்னும் எண்ணைக் கலக்கும் முறையை விளக்கிற்று. இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தாலும், 4,096 உப்புகளுள் வெவ்வேறு அமைந்தால் வடிவம் வேறாகும். அந்நாளைய யூனிக்ஸில் அக்கோப்பை எவரும் திறந்து படிக்கலாம். பொறிகள் விரைவுற்று, ஊகித்து ஒப்பிடுவது எளிதான பின்னரே அதனையும் மறைத்து வைக்க நேர்ந்தது.