பழைய மகிழுந்தின் கம்பிகள்: ஒரு சிறு வரலாறு



வகுப்பில் மின்சுற்றுப் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம், மின்கலம், மின்குமிழ், கம்பி ஆகிய மூன்றையும் மேசைமீது வைப்பேன். கூடவே என் தந்தையாரின் பழைய மகிழுந்தும் நினைவில் வந்து நிற்கும். 1980களின் பிற்பகுதியில் எங்கள் குடும்பத்தில் இருந்தது 1960களில் உருவான ஒரு மகிழுந்து. அதன் பெயர் இங்குத் தேவையில்லை. அம்மா, அக்காள், நான் என எல்லாரையும் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஏற்றிச் சென்ற வண்டி அது.

ஒருநாள் இரவு, உறவினர் திருமணம் முடிந்து தோட்டத்துச் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. ஒரு வளைவில் அப்பா பிரேக்கை மிதித்தார். அந்த நொடியே கண்ணாடி துடைப்பான் நின்றுபோனது. வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால், உருகி எரிந்திருந்தது. மாற்று உருகி கையில் இல்லை. அக்காலத்தில் பலரும் செய்ததையே அப்பாவும் செய்தார். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்து உருகியைச் சுற்றி வைத்தார். துடைப்பான் மீண்டும் ஆடியது. எங்களுக்கெல்லாம் ஒரே மகிழ்ச்சி.

அடுத்த வளைவில் அப்பா பிரேக்கை மிதித்தபோது இரப்பர் கருகும் நெடி வீசியது. முன்பலகையின் அடியிலிருந்து புகை கிளம்பியது. அம்மா எங்களை மழையில் இழுத்து இறக்கினார். அப்பா மின்கலத்தின் இணைப்பைப் பிடுங்கி எறிந்தார். இன்னும் சில நிமிடங்கள் கழிந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவர் பின்னர் எங்களிடம் பேசியதே இல்லை.

மறுநாள் பட்டறைத் தவுக்கே குறையைக் கண்டுபிடித்தார். பின்புறப் பெட்டிக்குள் ஓர் ஓட்டை வழியாக நுழையும் பிரேக் விளக்குக் கம்பி, தகட்டின் விளிம்பில் பல ஆண்டுகளாக உராய்ந்து உறை கிழிந்திருந்தது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டுமே அக்கம்பியில் மின்சாரம் ஓடும். ஓடிய மின்சாரம் விளக்குக்குப் போகாமல் நேரே உடற்தகட்டில் பாய்ந்திருக்கிறது. "உருகி கெட்டுப் போகவில்லை. அது தன் வேலையைச் செய்தது. நீங்கள்தான் அதைத் தடுத்துவிட்டீர்கள்" என்று அவர் மலாய் மொழியில் அப்பாவிடம் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

பிரேக் விளக்கின் குறைக்குத் துடைப்பான் ஏன் நின்றது? கம்பி தகட்டைத் தொட்டால் ஏன் இவ்வளவு கேடு? உறை ஏன் அவ்வளவு எளிதில் கிழிந்தது? அன்று எனக்கு எழுந்த இம்மூன்று வினாக்களுக்கும் விடை, மகிழுந்தின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பதை ஆசிரியரான பிறகுதான் அறிந்துகொண்டேன்.

மின்சாரம் வந்த கதை

தொடக்ககால மகிழுந்துகளில் கம்பிகள் மிகக் குறைவு. எண்ணெய் விளக்கோ கார்பைடு விளக்கோ வழிகாட்டும். எஞ்சினை முடுக்க, முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அது எதிர்த்து உதைத்தால் கை முறியும். 1912ஆம் ஆண்டின் காடிலாக் மகிழுந்தில் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் முடுக்கி பொருத்தப்பட்டது. முடுக்கிக்கு மின்கலம் தேவை. மின்கலத்திற்கு மின்னூட்ட டைனமோ தேவை. இரண்டும் வந்தபின் விளக்கு, ஒலிப்பான், துடைப்பான் என ஒவ்வொன்றாக மின்சாரத்திற்கு மாறின. கம்பிகள் பெருகின.

திரும்பும் வழி

மின்சுற்று முழுமை பெற, போகும் வழி ஒன்றும் திரும்பும் வழி ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு விளக்கிற்கும் இரண்டு கம்பி இழுப்பதற்குப் பதிலாக, இரும்பாலான உடலையே திரும்பும் வழியாகப் பயன்படுத்தினால் செம்பில் ஏறத்தாழப் பாதி மிச்சமாகும் எனப் பொறியாளர்கள் கண்டனர். இதையே 'எர்த்' என்கிறோம். இன்றளவும் மகிழுந்துகள் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. மகிழுந்தின் உடல் முழுவதும் மின்கலத்தின் ஒரு முனை ஆகிவிடுகிறது. உறை கிழிந்த கம்பி எந்த இடத்தில் தகட்டைத் தொட்டாலும் குறுக்குச் சுற்று ஏற்படும். மற்றொன்று, ஒவ்வொரு விளக்கின் திரும்பும் வழியும் ஒரு திருகாணியை நம்பியிருக்கிறது. நம் நாட்டு மழையிலும் ஈரக்காற்றிலும் அத்திருகாணி துருப்பிடித்தால் திரும்பும் வழி அடைபடும். அடைபட்ட மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியாகத் திரும்பப் பார்க்கும். பழைய வண்டிகளில் திசை விளக்கைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மங்கி மங்கி எரிவதைக் கண்டிருப்பீர்கள். பலர் விளக்கை மாற்றுவார்கள். கெட்டிருப்பது விளக்கன்று, எர்த்து.

இரண்டே உருகிகள்

மலாயாச் சாலைகளில் ஒரு காலத்தில் எங்கும் ஓடிய மோரிஸ் மைனர் 1948இல் அறிமுகமானது. அதைப் போன்ற அக்கால பிரிட்டிஷ் குடும்ப மகிழுந்துகளில் உருகிகள் பெரும்பாலும் இரண்டே. துடைப்பான், பிரேக் விளக்கு, எரிபொருள் அளவி முதலியவை ஒரே உருகியைப் பகிர்ந்துகொண்டன. முகப்பு விளக்குகளுக்குப் பல வண்டிகளில் உருகியே கிடையாது. முதல் வினாவுக்கு விடை இதுதான். ஒன்றில் குறை வந்தால் அதே உருகியை நம்பிய மற்றவையும் நின்றுவிடும்.

அவ்வுருகிகளில் 35 ஆம்பியர் என்று பொறித்திருப்பார்கள். அது உருகி எரிந்துபோகும் அளவு. அது தொடர்ந்து தாங்குவது ஏறத்தாழ 17 ஆம்பியர்தான். இன்றைய உருகிகளில் பொறிக்கப்படும் எண் தொடர்ந்து தாங்கும் அளவைக் குறிப்பது. இதை அறியாமல் பழைய வண்டியில் இன்றைய 35 ஆம்பியர் உருகியைப் பொருத்துவது, வெள்ளித்தாளைச் சுற்றுவதற்குத் தம்பி முறை.

பிரிட்டிஷ் மகிழுந்துகளின் மின்சாதனங்களைப் பெரும்பாலும் வழங்கியது பர்மிங்காம் நகரின் லூக்காஸ் நிறுவனம். அதன் நிறுவனர் ஜோசப் லூக்காஸை 'இருளின் இளவரசர்' என்று மகிழுந்து ஆர்வலர்கள் கேலி செய்வதுண்டு. அவரோ 1902இலேயே மறைந்தவர்! கேலி முழுவதும் நியாயமன்று. ஈரம் புகக்கூடிய இணைப்புகளுக்கும் இரண்டே உருகிகளுக்கும் மகிழுந்து நிறுவனங்களின் சிக்கனமும் ஒரு காரணம். அதே அமைப்பு ஓர் ஒழுங்கையும் விட்டுச் சென்றது. பழுப்புக் கம்பி மின்கலத்திலிருந்து நேரே வருவது, வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர்பெறுவது, பச்சை, அதே மின்சாரம் உருகியைத் தாண்டிய பின், கறுப்பு, எர்த்து. இந்நிறங்களை அறிந்தவர் பாதிக் குறையைக் கண்ணாலேயே கண்டுபிடிப்பார்.

நம் பால்மரமும் அந்தக் கம்பியும்

மூன்றாம் வினாவின் விடை நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. அக்காலக் கம்பிகளுக்கு உறை, இரப்பரும் அதன்மீது பின்னிய பருத்தி நூலும்தான். 1876இல் பிரேசிலிலிருந்து இரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்திற்குப் போயின. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. பின்னர் மலாயாக் காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர் கடல் கடந்து வந்து பால் வெட்டினர். உலகின் இரப்பரில் பெரும்பங்கை மலாயா வழங்கிய காலம் அது. எங்கள் பாட்டன் பாட்டிமார் விடியலில் வெட்டிய பால் எந்தெந்தக் கம்பிகளுக்கு உறையானதோ, யார் அறிவார்?

இயற்கை இரப்பருக்கு வெப்பம், காற்று, எண்ணெய் மூன்றும் பகை. எஞ்சினின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது காய்ந்து வெடித்து உதிரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பி.வி.சி. உறைகள் படிப்படியாக இரப்பரின் இடத்தைப் பிடித்தன. ஆனாலும் சிக்கல் அடியோடு தீர்ந்துவிடவில்லை. 1990களின் முற்பகுதியில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் வகைகள் சிலவற்றிலேயே எஞ்சின் கம்பிகளின் உறை சூட்டில் பொடிந்து உதிர்ந்தது உலகறிந்த செய்தி.

இன்றைய பழைய மகிழுந்துகள்

1985ஆம் ஆண்டு ஜூலையில் அறிமுகமான நம் நாட்டின் முதல் தேசிய மகிழுந்து புரோட்டோன் சாகாவும் இன்று பழைய மகிழுந்து ஆகிவிட்டது. உருகிகள் பல்கிவிட்டன, ஒரு குறை மற்றொன்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆயினும் பழைய குடும்ப மகிழுந்து வைத்திருப்போர் கீழ்க்காண்பவற்றைக் கவனிப்பது நன்று.

1. எஞ்சின் ஓடாதபோது மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்ட வேண்டும். ஓடும்போது உயரவில்லை என்றால், மின்கலத்தை மாற்றுவதற்குமுன் மின்னூட்ட அமைப்பைச் சோதியுங்கள்.

2. மின்கலத்திலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து எஞ்சினுக்கும் செல்லும் எர்த்துப் பட்டைகளைக் கழற்றித் துருவைத் தேய்த்து மீண்டும் இறுக்குங்கள். செலவில்லாத வேலை, தீரும் குறைகள் பல.

3. கதவுக் கீல், பின்பெட்டி மூடி, தகட்டு ஓட்டை ஆகிய இடங்களில் கம்பியைப் பாருங்கள். ஓட்டையில் இருக்கும் இரப்பர் வளையம் காய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். எலி கடித்த தடமும் இருக்கலாம்.

4. முந்தைய உரிமையாளர் முறுக்கி ஒட்டிய வானொலி, எச்சரிக்கை மணிக் கம்பிகளை முதலில் சந்தேகியுங்கள்.

5. எந்த வேலைக்கும் முன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

அன்றைய இரவுக்குப் பிறகு என் தந்தையார் வண்டியில் எப்போதும் ஒரு சிறிய டப்பாவில் மாற்று உருகிகளை வைத்திருந்தார். புதிய உருகியும் உடனே எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவார். எங்களைப் பேருந்தில் அனுப்பிவிட்டு, தாம் வண்டிக்குக் காவல் இருந்த நாள்களும் உண்டு.

பாடத்தின் முடிவில் என் மாணவர்களிடம் "உருகி எரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். "புதியது போடுவோம், ஐயா" என்பார்கள். "அதற்குமுன் ஏன் எரிந்தது என்று கேளுங்கள்" என்பேன். அப்பாவுக்கு ஒரு தவுக்கே கற்றுக்கொடுத்த பாடம் அது. கற்றுக்கொள்ள எங்கள் குடும்பம் ஏறக்குறைய ஒரு மகிழுந்தையே விலையாகக் கொடுத்தது. நீங்கள் இக்கட்டுரையைப் படித்த நேரத்தோடு அது முடியட்டும்.