தாழ்மையும் துண்டும்

பழந்தமிழில் ‘தாழ்’ என்ற வேர் எந்த அறத்துக்கும் பெயராக நிற்கவில்லை. தொங்குவது, பதிவது, குறைவது, சுணங்குவது எல்லாம் தாழ்தல்தான். குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் வரும் ‘தாழ்ச்சி’ காலம் கடத்துவதைக் குறிக்கிறது. பெண்வழிச்சேறலில் வரும் ‘தாழ்ந்த’ இகழ்ச்சியாகவே ஒலிக்கிறது. நாம் இன்று தாழ்மை என்று சொல்லும் குணத்தை வள்ளுவர் அடக்கம் என்றும் பணிவு என்றும் சொன்னார்.

கிறிஸ்தவத் தமிழ் இந்தச் சொல்லைத் தூக்கி எடுத்து ஒரு புண்ணியத்தின் பெயராக வைத்தது. கத்தோலிக்கருக்கு அது தாழ்ச்சி. தலையான பாவங்களில் முதலாவதான அகங்காரத்துக்கு மருந்தாக ஞானோபதேசம் கற்பிப்பது அதைத்தான். செபமாலையில் கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்னதைத் தியானிக்கும்போது கேட்கும் வரமும் அதுவே. சீர்திருத்தச் சபையார் தாழ்மை, மனத்தாழ்மை என்பார்கள். சபைக்குச் சபை விகுதி மாறினாலும் வேர் மாறவில்லை.

இழிவைக் குறித்த சொல் புண்ணியமானது தமிழில் மட்டும் நடந்ததன்று. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான ‘தபெய்னோஸ்’ பள்ளமான நிலத்தையும் கீழான ஆளையும் குறித்தது; உயர்குடிக் கிரேக்கர் அதைப் புகழ்ச்சியாகச் சொல்வது அரிது. லத்தீனின் ‘ஹூமிலித்தாஸ்’ மண்ணைக் குறிக்கும் ‘ஹூமுஸ்’ வழியே வந்தது. மலேசியாவில் மலாக்கா தெங்கா மாவட்டத்தின் செங் பக்கத்துத் தமிழருக்கு இதை விளக்க மலாய்மொழியே போதும். தொடக்கப்பள்ளி ‘செக்கோலா ரெண்டா’, மலிவு விலை வீடு ‘கோஸ் ரெண்டா’ என்று ‘ரெண்டா’ அவர்கள் வாயில் தினமும் புழங்குகிறது. ‘ரெண்டா ஹாத்தி’ என்றால் மனத்தாழ்மை. அதே ரெண்டாவோடு ‘டிரி’ சேர்ந்தால் தாழ்வு மனப்பான்மையையும் குறிக்கும். குணமும் காயமும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

அந்தக் காயத்தை ரப்பர் தோட்டத்து மக்கள் நன்றாக அறிவார்கள். லயத்தில் பிறந்து, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, பால்மரத்தில் கோடு கீழிறங்க இறங்கத் தானும் குனிந்து வெட்டியவர்களுக்குத் தாழ்மையை யாரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. அது சட்டமாகவே இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள்: தோட்ட நிர்வாகியான தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மரியாதை என்ற பெயரில் நடந்த அந்த இறக்கத்தில் தாழ்மை துளியும் இல்லை. தொழிலாளியைத் தொரை தாழ்த்தினார், அவ்வளவுதான்.

தமிழ் இலக்கணம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. தாழ்ந்தான் என்பது தன்வினை. தாழ்த்தினான் என்பது பிறவினை. கிறிஸ்துவைப் பற்றிப் பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது அவர் தம்மையே தாழ்த்தினார் என்கிறார். அங்கே தாழ்த்தியவரும் தாழ்ந்தவரும் ஒருவரே. அடுத்தவரைத் தாழ்த்துகிறவனுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

அந்த வாக்கியத்துக்கு உருவம் தந்த பொருள் ஒரு துண்டு. கடைசி இரவுணவில் இயேசு மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்று யோவான் 13ஆம் அதிகாரம் சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பு அதைச் ‘சீலை’ என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘துண்டு’ என்றது. தமிழனுக்கு இது சாதாரணத் துணியல்ல. தமிழ்நாட்டு ஊர்களில் அந்நாளில் பண்ணையார் எதிரே வந்தால் சேரியார் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கவோ இடுப்பில் கட்டவோ வேண்டியிருந்தது. தோளில் துண்டு கிடந்ததற்காக அடிபட்டவர்கள் உண்டு. இங்கே ஆண்டவரே தம் இடுப்பில் கட்டுகிறார். யாரும் அவரைக் கட்டச் சொல்லவில்லை. தன் காலைக் கழுவ விடமாட்டேன் என்று சீடர் பேதுரு பதறியதன் பொருள் தமிழ்ச் சேரிக்குச் சட்டென்று புரியும்.

புரிந்தும் திருச்சபை தடுமாறியது உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதியாரைப் பிரித்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. பெரிய வியாழன் சடங்கில் ஆண்களின் பாதங்களை மட்டுமே கழுவலாம் என்ற விதி 2016 வரை நீடித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இலேயே ரோமின் சிறார் சிறையில் முஸ்லிம் பெண் ஒருவர் உட்படக் கைதிகளின் பாதங்களைக் கழுவி அதைக் கடந்துவிட்டார்.

இன்றைய செங்கில் தொழிற்பேட்டை இருக்கிறது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மேற்பார்வையாளர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்ய வங்கதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ‘பங்ளா’ என்று அவர்களை அழைக்கும் வாய், பாட்டனைக் ‘கூலி’ என்று அழைத்த வாயின் வாரிசு. தாழ்ச்சி பழகுவதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்: அவரைப் பெயர் கேட்டு அழைப்பது, தவறு நம்முடையதென்றால் அவர் முன்னாலேயே ஒப்புக்கொள்வது, கோயில் திருநாள் விருந்து முடிந்து அண்டா கழுவப் பெண்களை மட்டும் விடாமல் நாமும் உட்காருவது, பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது.

செல்வம் பெருகும்போது பணிவும், சுருங்கும்போது நிமிர்வும் வேண்டும் என்று வள்ளுவர் மானம் அதிகாரத்தில் சொன்னார். தாழ்மையைப் போதிக்கிறவர்கள் இந்த வரிசையை மறக்கக்கூடாது. குனியவைக்கப்பட்டவரிடம் போய் இன்னும் குனி என்பது நற்செய்தி ஆகாது. அவருக்கு வேண்டியது நிமிர்வு. துண்டை இடுப்பில் கட்ட வேண்டியவர், தோளில் துண்டு போடும் உரிமை கிடைத்தவர்தான்.