எட்டுப் பேர் குறித்த குடக்கூலி

'கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்' என்று சொன்ன பெரியவர் சொந்த வீட்டிலேயே பிறந்து, சொந்த வீட்டிலேயே கண்ணை மூடியவராகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், 'வாடகைக்கு வீடு பிடித்துப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் விட்டிருக்க மாட்டார். அதிலும் காலேஜ் உள்ள ஊரில், கல்யாணமாகாத பையன்கள் சிலர் சேர்ந்து ஜாகை தேடுவதென்றால் கேட்கவே வேண்டாம். வாசல் திண்ணையைத் தாண்டுவதற்குள் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிடுவார். தப்பித் தவறிக் கொடுத்தாலும், குடும்பஸ்தரிடம் கேட்பதைப்போல ஒன்றரை மடங்கு கேட்பார்.

இந்தச் சங்கடம் நம் காலத்தில் முளைத்ததல்ல. எண்ணூறு வருஷங்களுக்கு முன்பே, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில், குடக்கூலி ஒரு பெரிய விவகாரமாக இருந்தது. அதற்காக ரத்தம் சிந்தியது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் ரத்தம் சிந்திய பிறகுதான் அங்கே குடக்கூலி குறைந்தது என்பது சரித்திரம்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று ஆக்ஸ்போர்டு என்றவுடன் கோபுரங்களும், கல் மண்டபங்களும், புல்வெளிகளும் நம் கண்முன் வருகின்றன. 1200-ஆம் ஆண்டு வாக்கில் இவற்றில் ஒன்றும் சர்வகலாசாலைக்குச் சொந்தமில்லை. சர்வகலாசாலை என்பது கட்டடமே அல்ல. சில ஆசிரியர்கள், அவர்களைச் சுற்றிப் பல மாணாக்கர்கள், அவ்வளவுதான். வாடகை அறையில் பாடம் நடக்கும். பெரிய கூட்டமென்றால் மாதாகோவிலில் கூடுவார்கள். மாணாக்கர்கள் ஊராரின் வீடுகளைக் கூட்டாகக் குடக்கூலிக்குப் பிடித்துக்கொண்டு, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுப் படித்தார்கள்.

1209-ஆம் ஆண்டில் அப்படி ஒரு வீட்டில் குடியிருந்த மாணவன் ஒருவன் கையால் ஒரு பெண் இறந்துபோனாள். தற்செயலாக நேர்ந்தது என்றே அக்காலத்துப் பாதிரி சரித்திரக்காரரான ரோஜர் ஆஃப் வெண்டோவர் எழுதிவைத்திருக்கிறார். எப்படி நேர்ந்திருந்தாலும் அந்தப் பையன் ஊரை விட்டு ஓடிவிட்டான். நகரத் தலைவரும் ஊர்க்காரர்களும் அவன் ஜாகைக்கு வந்து பார்த்தார்கள். குற்றவாளி இல்லை. அவனோடு சேர்ந்து அந்த வீட்டைக் குடக்கூலிக்கு எடுத்திருந்த தோழர்கள் இருந்தார்கள். அவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். சில நாள் கழித்து, ஜான் மன்னனின் சம்மதத்தோடு, ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தூக்கிலிட்டுவிட்டார்கள். இரண்டு பேர் என்றும் மூன்று பேர் என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள். அவர்கள் செய்த குற்றமெல்லாம் ஒன்றுதான்: குடக்கூலியில் பங்கு போட்டுக்கொண்டது.

மாணாக்கர்கள் அக்காலத்தில் மதகுருமார் கூட்டத்தைச் சேர்ந்தவர்களாகக் கருதப்பட்டார்கள். அவர்களை விசாரிக்க வேண்டியது திருச்சபையே தவிர, நகரத்தார் அல்லர். ஆனால் அப்போது ஜான் மன்னனுக்கும் போப்பாண்டவருக்கும் ஜென்மப் பகை. தேசம் முழுவதும் கோவில் சடங்குகளே நின்றுபோயிருந்த சமயம். கேட்பாரில்லை என்ற தைரியத்தில்தான் ஊரார் துணிந்தார்கள்.

கேட்பாரில்லாத ஆசிரியர்களும் மாணாக்கர்களும் என்ன செய்தார்கள்? கத்தியை எடுக்கவில்லை. மூட்டையைக் கட்டினார்கள். மூவாயிரம் பேர் போனார்கள் என்று வெண்டோவர் எழுதுகிறார். அக்காலத்துச் சரித்திரக்காரர்களுக்கு எண்ணிக்கையில் தாராள மனசு. அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஊர் வெறிச்சென்று ஆயிற்று. சிலர் ரெடிங் நகருக்குப் போனார்கள். சிலர் கேம்பிரிட்ஜ் என்ற ஊருக்குப் போய், அங்கே வாடகை அறைகளில் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பிறந்தது இப்படித்தான்!

ஆக்ஸ்போர்டில் காலி வீடுகள் மிஞ்சின. ரொட்டிக் கடைக்காரருக்கும், சாராயக் கடைக்காரருக்கும், வீட்டுக்காரருக்கும் அப்போதுதான் ஓர் உண்மை புரிந்திருக்கும். பையன்கள் இருந்தால் தொல்லை, இல்லாவிட்டால் பட்டினி.

1213-ல் மன்னன் போப்பாண்டவருக்குப் பணிந்தான். ஊராரும் பணிய வேண்டியதாயிற்று. 1214-ஆம் ஆண்டு ஜூன் மாதம், போப்பின் பிரதிநிதியாக வந்த நிக்கலஸ் என்பவர் தீர்ப்பு எழுதினார். தூக்கிலிட்டவர்கள் காலில் செருப்பின்றி, தலையில் தொப்பியின்றி, மேலங்கியின்றிப் பிரேதங்கள் கிடக்கும் இடத்துக்கு நடந்து செல்ல வேண்டும். ஊர் ஜனங்கள் பின்தொடர வேண்டும். உடல்களை எடுத்து முறைப்படி இடுகாட்டில் அடக்கம் செய்ய வேண்டும். தோழர்கள் வெளியேறிய பிறகும் ஊரிலேயே தங்கிப் பாடம் சொன்ன ஆசிரியர்களுக்கு மூன்று வருஷம் பாடம் நடத்தத் தடை. ஏழை மாணாக்கர்களுக்காக நகரம் வருஷந்தோறும் 52 ஷில்லிங் கொடுக்க வேண்டும். செயின்ட் நிக்கலஸ் திருநாளன்று 100 ஏழை மாணாக்கர்களுக்கு ரொட்டி, பீர், கஞ்சி, மீனோ இறைச்சியோ ஒரு வகை, இவற்றோடு சாப்பாடு போட வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் குடக்கூலிக்கென்றே தனி விதிகள் இருந்தன. பத்து வருஷ காலத்துக்கு, மாணாக்கர்கள் இருந்த வீடுகளுக்குப் பாதிக் குடக்கூலிதான். அடுத்த பத்து வருஷத்துக்குப் பழைய குடக்கூலிக்குமேல் ஏற்றக் கூடாது. புதிய வீடுகளுக்கு நாலு ஆசிரியர்களும் நாலு நகரவாசிகளும் சேர்ந்து தொகையைக் குறிக்க வேண்டும்.

நாலும் நாலும் எட்டுப் பேர்! தொகையைக் குறிப்பதில் குடியிருப்பவன் தரப்புக்கும் சரிபாதி இடம் கிடைத்தது. அந்த இடம் தூக்குமரத்தின் வழியாக வந்தது.

வழி பிறந்த பிறகு மற்ற ஊர்களும் அதில் நடந்தன. 1231-ல் மூன்றாம் ஹென்றி மன்னன் கேம்பிரிட்ஜ் நகரத் தலைவருக்கு ஓலை அனுப்பினான். நீங்கள் குடக்கூலியில் நிதானமாக நடக்காவிட்டால் மாணாக்கர்கள் ஊரை விட்டு மட்டுமல்ல, தேசத்தை விட்டே போய்விடுவார்கள் என்று எச்சரித்து, இரண்டு ஆசிரியர்களும் இரண்டு நகரவாசிகளும் சேர்ந்து தொகை குறிக்கும்படி உத்தரவிட்டான். அதே வருஷம் பாரிஸ் சர்வகலாசாலைக்குப் போப்பாண்டவர் ஒரு சாஸனம் கொடுத்தார். வீட்டு வாடகையை நியாயமாகக் குறிக்க மறுத்தால் பாடத்தை நிறுத்திவிடலாம் என்று அதில் உரிமையே எழுதிக் கொடுத்துவிட்டார். வேலைநிறுத்தம் புதிய காலத்துச் சரக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். மாணாக்கர்கள் ஒரு முறை குடியேறிய வீட்டை அவர் இஷ்டம்போல் வேறொருவருக்கு விட முடியாது. தாமே குடியிருக்கப்போவதாகச் சொன்னால்தான் திரும்பக் கிடைக்கும். 'சொந்த உபயோகத்துக்குத் தேவை' என்ற வாசகம் நமக்கும் பழகியதுதானே! புருஷனை இழந்து அந்த ஒரு வீட்டு வாடகையை நம்பிக் காலம் தள்ளிய ஓர் அம்மாளுக்கு, பாதிக் குடக்கூலி எப்படி இருந்திருக்கும்? தூக்கிலிட்டது நகரத்தின் பெரிய மனிதர்கள்; அபராதத்தைக் கட்டியது அந்த அம்மாளுந்தான்.

பிறகு என்ன ஆயிற்று? 1264 முதல் மெர்ட்டன் காலேஜைப் போன்ற ஸ்தாபனங்கள் தோன்றின. தருமவான்கள் நிலமும் வீடும் எழுதிவைத்தார்கள். மாணாக்கர்கள் வாடகைக்கு எடுத்து நடத்திய 'ஹால்'கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த வம்சத்தில் மிஞ்சி நின்ற செயின்ட் எட்மண்ட் ஹாலும் 1957-ல் காலேஜ் ஆகிவிட்டது. குடியிருந்தவர்கள் வீட்டுக்காரர்கள் ஆனார்கள். இது வளர்ச்சிதான், சந்தேகமில்லை. ஆனால் கல்லால் கட்டிக்கொண்டவர்களால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. எதுவும் சொந்தமில்லாமல் இருந்ததுதான் பழைய சர்வகலாசாலையின் பலம்.

இன்றைக்கு, சம்பளத்தையும் வீட்டு விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பிரிட்டனில் குடியிருக்க மிகக் கடினமான ஊர்களில் ஆக்ஸ்போர்டும் ஒன்று. ஆஸ்பத்திரி நர்ஸும், பஸ் ஓட்டுகிறவரும், ஆராய்ச்சி செய்யும் இளைஞரும் மலிவாக ஓர் அறை தேடி அலைகிறார்கள். அவர்கள் தனித்தனியாக அலைகிறார்கள். தனியாகப் போகிறவன் போய்விட்டால் அந்த அறைக்குள் மறுநாளே வேறொருவன் வந்துவிடுவான். 1209-ல் எல்லோரும் சேர்ந்து போனார்கள். அதனால்தான் ஊர் இறங்கி வந்தது.

சரித்திரத்தில் ஜான் மன்னன் பெயர் இருக்கிறது; நிக்கலஸ் பெயர் இருக்கிறது. இறந்துபோன பெண்ணின் பெயரை வெண்டோவர் எழுதவில்லை. தூக்கில் தொங்கிய பையன்களின் பெயரையும் எழுதவில்லை. அவர்கள் ஒரு கூரையின் கீழ் குடக்கூலியைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதை மட்டும் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார். அடுத்த பத்து வருஷம் ஆக்ஸ்போர்டில் பாதிக் குடக்கூலி கொடுத்துப் படித்த ஒவ்வொரு பையனுக்கும், மீதிப் பாதியைக் கட்டியவர்கள் அவர்கள்தாம்.