பெரியம்மை ஒழிப்பு

வேரியோலா என்னும் வைரசால் வந்த பெரியம்மை நோயை, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையில் நாடுகள் ஒன்றுகூடி 1967 முதல் 1977 வரையிலான காலத்தில் உலகிலிருந்தே அகற்றிய இயக்கம் பெரியம்மை ஒழிப்பு எனப்படும். மனித முயற்சியால் முற்றிலும் ஒழிக்கப்பட்ட ஒரே மனித நோய் இது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடிப் பேர் இந்நோய்க்குப் பலியானதாக மதிப்பிடப்படுகிறது. இரு உலகப் போர்களிலும் மாண்டவர்களைக் கூட்டினாலும் அத்தொகை வராது. அந்நூற்றாண்டின் சாதனைகளைச் சொல்ல வருவோர் நிலவுப் பயணத்தை முன்னிறுத்துவது வழக்கம். உயிர்க்கணக்கை வைத்துப் பார்த்தால் முதலிடம் பெரியம்மை ஒழிப்புக்கே உரியது.

நோயின் இயல்பு

கிருமி உடலில் புகுந்தபின் ஏறத்தாழ 12 நாட்கள் அறிகுறி எதுவும் இராது. பிறகு கடுங்காய்ச்சலும் தலைவலியும் முதுகுவலியும் காணும். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் வாயிலும் முகத்திலும் தடிப்புகள் தோன்றிக் கைகால்களுக்குப் பரவும். முகம், முன்கை, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் கொப்புளம் அடர்ந்திருக்கும். மார்பிலும் வயிற்றிலும் குறைவாக இருக்கும். ஒரு பகுதியிலுள்ள கொப்புளங்கள் அனைத்தும் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் இதற்கு மாறாக உடலின் நடுப்பகுதியே மிகுதியாகப் பாதிக்கப்படும். நீர்க்கொப்புளமும் உலர்ந்த பொருக்கும் அருகருகே காணப்படும். பெரியம்மைக் கொப்புளம் தோலில் ஆழப் பதிந்து, தொட்டால் கெட்டியாக இருக்கும். அது சீழ்கட்டி, பொருக்காகி உதிர மூன்று வாரங்கள் ஆகும். உதிர்ந்த இடத்தில் வாழ்நாள் முழுதும் குழித்தழும்பு நிற்கும். கண்ணைத் தாக்கினால் பார்வை போகும்.

வைரசில் இரண்டு வகைகள் இருந்தன. கொடிய வகை, பற்றியவர்களில் சுமார் 30 சதவீதத்தினரைக் கொன்றது. மென்மையான வகை 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான உயிர்களையே பறித்தது. தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் அது பரவியிருந்தது. இந்திய மண்ணில் இருந்தது கொடிய வகை.

வகைப்பாடு

நோயின் வகைகளைப் பிரிப்பதில் நெடுங்காலம் தெளிவு இருந்ததில்லை. 1962இல் இங்கிலாந்து மருத்துவர் டிக்சன் ஒன்பது வகைகளாகப் பிரித்தார். படுக்கையருகே நின்று வைத்தியம் பார்ப்பவருக்கு அது பெரிதும் உதவவில்லை. இன்று உலகெங்கும் நூல்களில் இடம்பெறும் வகைப்பாடு சென்னை தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் உருவானது. அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ஏ.ஆர். ராவ் 6,942 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து அதை வகுத்தார். அவர்களில் 3,544 பேர் ஒருபோதும் அம்மை குத்திக்கொள்ளாதவர்கள், அதாவது தடுப்பூசி பெறாதவர்கள். 3,398 பேர் எப்போதோ குத்திக்கொண்டவர்கள். உலக சுகாதார நிறுவனம் 1972இல் இதை ஏற்றுக்கொண்டது.

ராவின் பகுப்பில் முதலாவது சாதாரண வகை. அம்மை குத்தாதவர்களில் 88.8 சதவீதத்தினருக்கு வந்தது இதுவே. கொப்புளங்கள் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதைக் கொண்டு இதை அவர் மேலும் மூன்றாகப் பிரித்தார். முகத்திலும் கைகளிலும் கொப்புளங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்ட நிலையில் 62 சதவீதத்தினர் இறந்தனர். முகத்தில் மட்டும் கலந்திருந்தால் 37 சதவீதம். இடையே நல்ல தோல் தெரியும்படி தனித்தனியாக இருந்தால் 9.3 சதவீதம். முகத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே பிழைக்கும் வாய்ப்பை ஓரளவு கணிக்க முடிந்தது இப்பகுப்பின் பெரும்பயன்.

இரண்டாவது தணிந்த வகை. முன்பு அம்மை குத்திக்கொண்டவர்களில் கால்வாசிப் பேருக்கு இவ்வகையே வந்தது, யாரும் இறக்கவில்லை. கொப்புளங்கள் சிலவே தோன்றி விரைவில் உலர்ந்துவிடுவதால் சின்னம்மை என்று தவறாகக் கருதப்படும் அபாயம் இதில் இருந்தது.

மூன்றாவது தட்டை வகை. பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கியது. கொப்புளம் மேலெழாமல் தோலோடு தோலாக மென்மையாகக் கிடக்கும். அம்மை குத்தாதவர்களில் 6.7 சதவீதத்தினருக்கு வந்தது, அவர்களில் 96.5 சதவீதத்தினர் இறந்தனர். நான்காவது குருதிக்கசிவு வகை. பெரியவர்களையே நாடியது, கருவுற்ற பெண்களை மிகுதியாகத் தாக்கியது. இதன் முற்பட்ட வடிவத்தில் கொப்புளம் எழுவதற்கு முன்பே தோலடியிலும் கண்வெள்ளையிலும் இரத்தம் கசிந்து, காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் வாக்கில் நோயாளி இறந்துவிடுவார். அம்மை என்று அறியப்படாமலே பலர் அடக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். தடுப்பூசி பெற்றவர்களுக்கும் இவ்வகை வந்தது என்பது ராவின் பட்டியல் காட்டும் கசப்பான உண்மை. ஆயினும் மொத்தக் கணக்கு ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது: குத்தாதவர்களில் 35.5 சதவீதம் பேர் மாண்டனர், குத்தியவர்களில் 6.3 சதவீதம்.

அதே மருத்துவமனைக் குழு, நோய் புகுந்த 254 சென்னைக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தது. ஒரே வீட்டில் உடன் இருந்து அம்மை குத்தாதவர்களில்கூட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கே நோய் தொற்றியது. காட்டுத்தீயாகப் பரவும் என்று நம்பப்பட்ட நோய், தட்டம்மையை விட மெதுவாகவே நகர்ந்தது. அதை வழிமறிக்க நேரம் கிடைக்கும் என்பது இதனால் விளங்கியது. பின்னர் உலகம் கையாண்ட உத்திக்கு இதுவும் வலுச்சேர்த்தது.

தடுப்பு முறைகளின் வரலாறு

கி.மு. 12ஆம் நூற்றாண்டில் இறந்த எகிப்திய மன்னர் ஐந்தாம் ராம்செஸின் பதனிட்ட உடலில், முகத்தில் காணப்படும் கொப்புளங்கள் பெரியம்மையினுடையவையாக இருக்கக்கூடும். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்பதை மக்கள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டிருந்தனர். சீனத்தில் உலர்ந்த பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதினர். வங்காளத்தில் டிக்காதார் எனப்பட்டோர் ஊர் ஊராகச் சென்று, நோயாளியின் சீழைக் கையில் கீறி ஏற்றினர்; 1767இல் ஹால்வெல் என்பவர் இதை இலண்டனில் எழுத்தில் பதிவு செய்தார். துருக்கியில் இம்முறையைக் கண்ட மேரி வொர்ட்லி மாண்டேகு சீமாட்டி, 1718இல் தம் மகனுக்கும், இலண்டன் திரும்பியபின் 1721இல் மகளுக்கும் இதைச் செய்வித்தார். அதே 1721இல் பாஸ்டன் நகரில் இதைப் புகுத்தக் காரணமானவர் ஒனிசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. தம் நாட்டு வழக்கத்தை அவர்தாம் எடுத்துச்சொன்னார். இவ்வாறு குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஓரிருவர் இறந்தனர். அவர்களிடமிருந்து பிறருக்கு நோய் பரவவும் செய்தது.

எட்வர்டு ஜென்னர் 1796 மே 14 அன்று, பால்காரப் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றினார். பின்னர் பெரியம்மைச் சீழை ஏற்றியும் நோய் வரவில்லை. ஜெஸ்டி என்ற உழவர் 1774இலேயே தம் குடும்பத்தாருக்கு இதைச் செய்திருந்தார் எனினும், சோதித்து 1798இல் நூலாக வெளியிட்டவர் ஜென்னரே. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இம்மருந்தைக் கொண்டுசெல்வது பெரும்பாடு. 1803 நவம்பர் 30 அன்று ஸ்பெயினின் லா கொருன்யாவிலிருந்து பால்மிஸ் என்ற மருத்துவரோடு புறப்பட்ட கப்பலில் 22 அநாதைச் சிறுவர்கள் இருந்தனர். ஒருவனுக்குக் குத்தி, கொப்புளம் முற்றியதும் அதிலிருந்து அடுத்தவனுக்குக் குத்தி, கைவழிக் கையாக அமெரிக்கக் கண்டம் வரை மருந்து உயிரோடு போய்ச் சேர்ந்தது. அச்சிறுவர்களைப் பேணிக்காத்தவர் இசபெல் செந்தால் என்ற பெண்மணி. இந்தியாவுக்கு மருந்து வியன்னா, பாக்தாத், பஸ்ரா வழியாக வந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதே ஆண்டில் சென்னையை அடைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுகளின் தோலில் அம்மைப்பால் எனப்பட்ட தடுப்பு மருந்தை வளர்க்கும் முறை பரவியது. 1899இல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் நிலையம், சென்னை மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரிப்பதற்காகவே ஏற்பட்டது. தமிழக வீடுகளில் அம்மை கண்டவரைத் தனியே படுக்கவைத்து, வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் வரவைத் தடுத்த வழக்கம் மாரியம்மன் வழிபாட்டைச் சார்ந்தது. நோயாளியை ஒதுக்கிவைக்கும் பயனையும் அது ஓரளவு தந்தது.

வெப்ப நாடுகளில் அம்மைப்பால் சில நாட்களில் கெட்டுவிடும். 1950களின் தொடக்கத்தில் இலண்டன் லிஸ்டர் நிலையத்தின் லெஸ்லி காலியர் அதை உறையவைத்து உலர்த்தும் முறையைச் சீராக்கியதால் இத்தடை நீங்கியது.

உலக இயக்கம்

1958இல் மினியாபொலிஸ் நகரில் கூடிய உலக சுகாதாரப் பேரவையில் சோவியத் ஒன்றியத்தின் விக்டர் ஜ்தானொவ் உலகளாவிய ஒழிப்பை முன்மொழிந்தார். சோவியத் அரசு பின்னர் 140 கோடிக்கு மேற்பட்ட தடுப்பூசி அளவுகளை வழங்கியது. தீர்மானம் 1959இல் நிறைவேறினும் பணமில்லாமல் வேலை முடங்கியது. 1966இல் தனி நிதியுடன் தீவிரத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்க மருத்துவர் டி.ஏ. ஹெண்டர்சன் அதற்குத் தலைவரானார். 1967இல் 31 நாடுகளில் நோய் நிலைத்திருந்தது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோர் நோயுற்று 20 லட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டது.

கைக்கருவியாக வந்தது பெஞ்சமின் ரூபின் வடிவமைத்த இருமுனை ஊசி. முனையை மருந்தில் தோய்த்தால் இரு கவைக்கும் நடுவே ஒரு துளி நிற்கும். மேற்கையில் 15 முறை விரைந்து குத்தினால் போதும். பழைய முறையில் ஒருவருக்குச் செலவான மருந்து நால்வருக்கு ஆயிற்று. கொதிக்கவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். எழுதப்படிக்கத் தெரியாதவரும் சில நிமிடங்களில் கற்கலாம்.

உத்தி மாறியது நைஜீரியாவில். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் மருந்து போதாத நிலையில், வில்லியம் ஃபேகியின் குழு மிஷனரிகளின் வானொலி மூலம் நோயுள்ள ஊர்களைக் கேட்டறிந்து அவற்றைச் சுற்றி மட்டுமே குத்தியது. சில மாதங்களில் நோய் நின்றது. நோயாளியைக் கண்டுபிடித்துச் சூழ்ந்து வளைப்பதே வழி என்பது அங்கே உறுதியானது. அறுபதுகளின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் ராவ் இவ்வழியிலேயே சென்றார். தென்மாநிலங்கள் வடக்கை முந்திக்கொண்டு நோயிலிருந்து விடுபட்டன. பிரேசிலில் 1971இலும் இந்தோனேசியாவில் 1972இலும் நோய் முடிந்தது.

இந்தியா

இந்தியாவின் தேசியத் திட்டம் 1962இல் தொடங்கியது. கோடிக்கணக்கில் குத்தியும் வடமாநிலங்களில் நோய் ஓயவில்லை. எளிதில் அகப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்பக் குத்தியது ஒரு காரணம். 1973 அக்டோபரில் உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் ஊர் ஊராகத் தேடியபோது, சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் 10,000க்கு மேற்பட்ட நோயாளிகள் அகப்பட்டனர். 1974இல் நாடு முழுவதும் 1,88,003 பேருக்கு நோய் கண்டு 31,262 பேர் இறந்தனர்.

மனந்தளர்ந்த பீகார் அமைச்சர் பழையபடி எல்லாருக்கும் குத்தும் முறைக்கே திரும்ப எண்ணினார். அது பற்றிய கூட்டத்தில் இளம் மருத்துவர் ஒருவர் எழுந்து, தம் ஊரில் வீடு தீப்பற்றினால் எரிகிற வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று சொன்னதை ஃபேகி பதிவு செய்திருக்கிறார். அமைச்சர் ஒரு மாதத் தவணை தந்தார். அதற்குள் கணக்கு இறங்கத் தொடங்கியது. தொழிலாளர்கள் வந்துபோகும் ஜாம்ஷெட்பூரிலிருந்து ரயிலேறி நோய் பல மாநிலங்களுக்குச் சென்றதால் அந்நகரே வளைக்கப்பட்டது. ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைச் சந்தையிலும் பள்ளியிலும் டீக்கடையிலும் காட்டி விசாரித்தனர். நோயாளி வீட்டு வாசலில் இரவும் பகலும் காவலர் அமர்ந்தார். உள்ளே வருபவர் எவராயினும் அங்கேயே குத்திக்கொள்ள வேண்டும். வெளியே போகத் தேவையில்லாதபடி வீட்டாருக்கு உணவும் தரப்பட்டது. மறுத்தோர் சிலருக்கு நள்ளிரவில் கதவைத் திறந்து குத்தியதும் உண்டு.  துப்புச் சொல்பவருக்கான பரிசு 50 ரூபாயில் தொடங்கி முடிவில் 1,000 ரூபாய் ஆயிற்று. எம்.ஐ.டி. சர்மா, மகேந்திர தத்தா, நிக்கோல் கிராசெ ஆகியோர் இதை நடத்தியவர்களில் முதன்மையானோர். 1975 மே மாதத்தில் பீகாரின் கதிகார் மாவட்டத்தில் உள்நாட்டுத் தொற்றின் கடைசி நோயாளியும், மே 24 அன்று அஸ்ஸாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் வங்கதேசத்திலிருந்து வந்த கடைசி நோயாளியும் கண்டறியப்பட்டனர்.

இறுதி நோயாளிகள்

கொடிய வகையின் உலகக் கடைசி நோயாளி, 1975 அக்டோபரில் வங்கதேசத்தின் போலாத் தீவில் நோயுற்ற மூன்று வயதுப் பெண் குழந்தை, அவள் பிழைத்தாள். எத்தியோப்பியாவில் 1976 ஆகஸ்டில் நோய் முடிந்தது. இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்க்கா நகர மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின். நோயாளிகள் இருவரை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சில நிமிடங்கள் உடன் சென்றபோது அவருக்குத் தொற்றியது. முதலில் மலேரியா என்றும் பிறகு சின்னம்மை என்றும் கருதினர். 1977 அக்டோபர் 26 அன்று அவருக்குத் தடிப்பு தோன்றியது. இரு வாரங்களில் 54,000க்கு மேற்பட்டோருக்கு அங்கே தடுப்பூசி போடப்பட்டது. மாலின் பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியாளரானார். 1978இல் பர்மிங்ஹாம் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கசிந்த வைரசால் ஒரு பெண்மணி இறந்தார். 1980 மே 8 அன்று உலக சுகாதாரப் பேரவை பெரியம்மை ஒழிந்ததை அறிவித்தது. தீவிரத் திட்டத்துக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கை நோயுற்ற ஏழை நாடுகளே ஏற்றன.

வைரசு இன்று அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் மட்டும் பாதுகாக்கப்படுகிறது. அதை அழிப்பது 1993 முதல் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது.