இரண்டு விடியற்காலைகள்: 1872இல் சென்னை கண்ட வால்மீன்

1872 நவம்பர் 27ஆம் நாள் இரவு ஐரோப்பிய வானில் ஆயிரக்கணக்கான எரிகற்கள் பொழிந்தன. அவையனைத்தும் ஆண்ட்ரோமெடா விண்மீன் குழுவிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு வருவனபோல் தோன்றின. மூன்று நாள்களுக்குப் பின், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்த வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ், சென்னை வான் ஆய்வகத்தின் நார்மன் போக்சனுக்குத் தந்தி ஒன்று அனுப்பினார். 27ஆம் நாள் பீலா வால்மீன் புவியைத் தொட்டுச் சென்றது, சென்டாரஸ் குழுவின் தீட்டா விண்மீனருகே தேடுக என்பதே அதன் சாரம்.

பீலா ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் கதிரவனைச் சுற்றி வந்த வால்மீன். 1846இல் தொலைநோக்கியாளர்களின் கண்முன்னே அது இரண்டாகப் பிளந்தது. 1852இல் இரு துண்டுகளும் மீண்டும் காணப்பட்டன; அதன்பின் எவரும் அவற்றைக் காணவில்லை. எரிகல் பொழிவு அதன் பழைய பாதையிலேயே நிகழ்ந்ததால், தொலைந்த வால்மீன் புவியை உரசிச் சென்றிருக்க வேண்டும் எனக் கிளிங்கர்ஃபியூஸ் கருதினார். அவ்வாறாயின், எரிகற்கள் வந்த திசைக்கு நேரெதிரே அதைத் தேட வேண்டும். அந்தத் தென்வானப் பகுதி கோட்டிங்கனின் அடிவானத்தை ஒட்டியே கிடப்பது. 13 பாகை வட அகலாங்கிலுள்ள சென்னையிலிருந்தோ அதை விடியலுக்கு முன் நன்கு காணலாம்.

ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். முதல் இரு விடியற்காலைகளிலும் மேகம் கலையவில்லை. டிசம்பர் 3ஆம் நாள் விடியற்காலையில் மேகங்களுக்கிடையே சிறிது நேரம் வானம் தெளிந்தபோது, குறிப்பிட்ட பகுதியிலேயே ஒளித்திட்டு ஒன்றைப் போக்சன் கண்டார். தொலைநோக்கியில் வால்மீனும் நெபுலாவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். அசைவு மட்டுமே அவற்றைப் பிரித்துக் காட்டும். அருகிலிருந்த விண்மீனுடன் ஒப்பிட்டு அளந்தபோது, சில நிமிடங்களுக்குள்ளேயே அது இடம்பெயர்ந்திருந்தது. மறுநாளும் அதைக் கண்டு அளந்தார். மங்கிய வாலொன்றும் தெரிந்தது. பின்னர் மேகங்கள் மீண்டும் வானை மூடிக்கொண்டன. வேறெந்த ஆய்வகமும் அதைக் காணவில்லை.

தாம் கண்டது பீலாவே எனப் போக்சன் நம்பினார். அதை உறுதிசெய்யவோ மறுக்கவோ அதன் சுற்றுப்பாதை தெரிய வேண்டும். சுற்றுப்பாதையை வரையறுக்க ஆறு அளவுகள் தேவை. ஒருமுறை நோக்கினால் வானில் அதன் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள் மட்டுமே கிடைக்கும்; தொலைவு தெரியாது. எனவே வெவ்வேறு நாள்களில் எடுத்த மூன்று நோக்குகளேனும் இன்றியமையாதவை. சென்னையிடம் இருந்தவை இரண்டே.

பீலாவின் பழைய பாதையைக் கொண்டு பிறர் கணக்கிட்டபோது, அந்த வால்மீன் புவிப்பாதையைப் பல வாரங்களுக்கு முன்பே கடந்திருக்க வேண்டும் எனத் தெரிந்தது. போக்சன் கண்டது வேறொரு வால்மீன் என்பதே பின்னர் பெரிதும் ஏற்கப்பட்ட முடிவு. தவறான ஊகம் சொன்ன இடத்தில் உண்மையான வால்மீன் ஒன்று தற்செயலாக இருந்திருக்கிறது.

இந்நிகழ்வைக் கணிப்பின் வெற்றி என்றோ வெறும் விந்தை என்றோ சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அறிவியல் வரலாற்றுக்கு இதில் வேறொரு செய்தி உண்டு. வால்மீன் ஆய்வில் காண்பது பாதிப் பணியே. பிறர் மீண்டும் தேடிக் காணும் வகையில் அதன் பாதையை நிறுவும்போதுதான் கண்டுபிடிப்பு முழுமையடைகிறது. அதற்குத் திறமையும் கருவியும் போதா. மூன்றாவது தெளிந்த இரவும் வேண்டும். காலனிய இந்தியாவின் அறிவியலை ஆள்வோர், நிறுவனங்கள் ஆகியோரின் கதையாக மட்டும் எழுதுவோர், சென்னையின் டிசம்பர் மேகங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அவ்வால்மீன் இன்றும் வானியல் பட்டியலில் எக்ஸ்/1872 எக்ஸ்1 என்ற குறியீட்டுடன் இடம்பெற்றுள்ளது. முன்னால் நிற்கும் 'எக்ஸ்', சுற்றுப்பாதை கணிக்க இயலாத வால்மீன் என்பதைக் குறிக்கும். தாம் கண்டது எது என்பதில் போக்சன் தவறியிருக்கலாம். ஆயினும் இரு விடியற்காலைகளில் அவர் அளந்து வைத்த எண்கள் இல்லையெனில், அந்தக் குறியீடும் இருந்திராது.